குட்டி கக்கிய புழுவும் கீரைப்பாத்தியும்

கேள்வி: ஆட்டுப்பட்டிக் காவலுக்கு வளர்க்கும் சிப்பிப்பாறைப் பெட்டை நாய் ஆறு குட்டி போட்டு 24 நாள் ஆகிறது. இரண்டு குட்டிகள் நூல்நூலாக வெள்ளைப் புழுவைக் கக்கின. வயிறு பானையாக இருக்கிறது. ஆட்டுக்கு ஊற்றும் பூச்சி மருந்தையே குட்டிக்கு 5 மில்லி ஊற்றச் சொல்கிறார் மருந்துக்கடைக்காரர். ஐந்து வயது மகன் எந்நேரமும் குட்டிகளோடுதான் கிடக்கிறான். அவனுக்கும் ஒட்டுமா? குட்டிகளை யாருக்காவது கொடுத்துவிடவா? நாய் மலம் எருக்குழிக்குப் போகிறது. அந்த எருதான் கீரைப்பாத்திக்கு.
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: அந்த மருந்தை ஊற்றாதீர்கள். ஆட்டுக்கு ஊற்றும் அந்த 2.5 சத அல்பெண்டசோலில் 5 மில்லி என்றால் 125 மில்லிகிராம் மருந்து. பதினைந்து, இருபது கிலோ ஆட்டுக்குப் போகிற அளவை ஒன்றரைக் கிலோ குட்டிக்குக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை கெடும். கடைக்காரருக்கு பாட்டில் விற்றால் சரி. நாய்க்குட்டிக்கென்றே வரும் பைரன்டெல் சிரப் வாங்குங்கள். கிலோவுக்கு 5 மில்லிகிராம். லேபிளில் பமோயேட் அல்லது எம்போனேட் என்று போட்டிருந்தால் அது பைரன்டெலின் உப்பு, அதில் 14.4 மில்லிகிராம்தான் அந்த 5 மில்லிகிராமுக்குச் சமம். கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்திக் கொடுங்கள். முதல் வேளை இரண்டாம் வாரமே போயிருக்க வேண்டும். இன்று ஆரம்பித்து, எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. தாய்க்கும் அதே நாளில், அதன் எடைக்கு. குட்டிகளுக்குப் புழு வந்ததே தாயின் கருவிலும் பாலிலும்தான். தசையில் உறங்கும் இளம்புழு ஒவ்வொரு சினையிலும் விழிக்கும். அடுத்த சினையின் 40ஆம் நாளுக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தைப் பற்றிக் கேளுங்கள்.

குட்டிகளைக் கொடுப்பதா என்று கேட்டீர்கள். மலம் எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். புது மலத்தால் ஒட்டாது. மலத்திலுள்ள புழுவின் முட்டை மண்ணில் இரண்டு வாரம் போலக் கிடந்து, உள்ளே புழு முதிர்ந்த பிறகுதான் ஆபத்து. அதன்பின் அந்த மண் வருடக்கணக்கில் ஆபத்து. ஃபினாயிலுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் அது சாகாது. சிமென்ட் தரை என்றால் கொதிநீர் ஊற்றலாம். மண் தரைக்கு அள்ளுவது ஒன்றே வழி. தினமும் அள்ளுங்கள், ஒருநாள் விடாமல். எருக்குழி வேண்டவே வேண்டாம்: நடுவில் சூடேறும், ஓரத்தில் ஏறாது, ஓரத்து முட்டை நேரே கீரைக்கு வரும். கிணற்றுக்கும் பாத்திக்கும் தள்ளி இரண்டடிக் குழி வெட்டிப் புதையுங்கள். குட்டிகள் கிடந்த இடத்து மேல்மண்ணை நாலு விரற்கடை சீவி அதே குழியில் போடுங்கள். பாத்திக்கு நாய் ஏறாத வேலி, பழைய மீன்வலை போதும். இந்தப் போகக் கீரையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

பையன் மண் தின்பவனா? அப்படியானால் மருத்துவரிடம் காட்டுங்கள். மலப் பரிசோதனையில் தெரியாது, மனித உடலில் இந்தப் புழு வளர்ந்து முட்டையிடுவதில்லை. இளம்புழுவாகவே ஈரல், நுரையீரல், கண் என்று அலையும். வீட்டில் குட்டி இருப்பதைச் சொல்லி, ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணுவின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண் மாறுகண்ணாகத் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவர். பள்ளியில் தரும் ஒற்றைப் பூச்சி மாத்திரையை நம்பி இருந்துவிடாதீர்கள்.