தேநீர் இடைவேளையில் மூன்றாவது வாக்கியத்திலேயே பேச்சு அறுந்துபோவது குறித்து

தேநீர் இடைவேளையில் சக ஊழியர்களுடன் பேசத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகப் புதிய தலைப்புகளைத் தேடி மனப்பாடம் செய்ய வேண்டாம். எதிரில் இருப்பவர் கடைசியாகச் சொன்னதிலிருந்தே ஒரு சொல்லைப் பிடித்து, அதைப் பற்றிக் கேளுங்கள். "நேற்று வண்டி பஞ்சர், ஊரப்பாக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன்" என்று சக ஊழியர் சொன்னபோது நீங்கள் "அப்படியா" என்று நிறுத்திக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். "அந்த நேரத்தில் கடை திறந்திருந்ததா?" என்று கேட்டிருந்தால், மீதிக் கதையை அவரே சொல்லியிருப்பார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் அடுத்த வாக்கியத்தை மனத்துக்குள் அடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள் என்பதே காரணமாக இருக்கலாம். இது ஓரளவு எல்லோருக்கும் உள்ளதுதான்: 2009இல் வெளியான, பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 0.2 வினாடியே இருந்தது. அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதை யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் அவசரத்தில்தான் "பஞ்சர்" காதில் விழாமல் போகிறது. ஒரு கணம் தாமதித்துப் பேசினால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

சோதித்துப் பார்க்க, வீட்டில் ஒருவரின் சம்மதத்துடன் ஐந்து நிமிடப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, அவர் சொன்ன விஷயத்தை நீங்கள் எத்தனை முறை தொட்டுப் பேசினீர்கள் என்று எண்ணுங்கள். சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கேள்வியாகவே அடுக்கினால் அது விசாரணை ஆகிவிடும். இரண்டு கேள்விக்குப் பின் உங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள். அவர் ஒற்றைச் சொல்லில் பதிலளித்துக் கைப்பேசியைப் பார்த்தால், அன்றைக்கு விட்டுவிடுங்கள்.