முட்டிவலியோட இடிபாடு பாக்கப் போகலாமா?

கேள்வி: பையன் பெய்ஜிங்ல படிக்கிறான், அக்டோபர்ல போறோம். அங்க பழைய கோடை அரண்மனைன்னு ஒரு பார்க், வெறும் இடிபாடுதானாமே, முட்டிவலியோட போறது ஒர்த்தா?

பதில்: போங்கம்மா. ஆனா கோடை அரண்மனைன்னு அங்க ரெண்டு இருக்கு, "யுவான்மிங்யுவான்"னு சரியா சொல்லலேன்னா டாக்சிக்காரர் முழுசா நிக்கிற இன்னொண்ணுல இறக்கி விட்ருவார், மெட்ரோன்னா 4ஆம் லைன்ல அதே பேர்ல ஸ்டேஷன் இருக்கு. இந்த யுவான்மிங்யுவானைத்தான் 1860ல பிரிட்டிஷ், பிரெஞ்சு படைங்க சூறையாடுச்சு, அப்புறம் தங்களோட தூதுக்குழுவைச் சீனாக்காரங்க பிடிச்சு சிலரைக் கொன்னதுக்குப் பழின்னு பிரிட்டிஷ்காரங்க கொளுத்திட்டாங்க, மரத்துல கட்டினதெல்லாம் சாம்பல், கியென்லுங் பேரரசர் ஐரோப்பா ஸ்டைல்ல கட்டின கல் மாளிகைங்க மட்டும் உடைஞ்சு நிக்குது. 300 ஹெக்டேருக்கு மேல இருக்கிற இடம், எல்லாத்தையும் பாக்கணும்னு அலையாதீங்க, நேரா அந்தக் கல் மாளிகைங்க இருக்கிற வடகிழக்கு மூலைக்குப் போயிடுங்க (அதுக்கு தனி டிக்கெட்). புல்லுல சாஞ்சு கெடக்கிற தூண்ல செதுக்கின இலையும் கொடியும் இன்னும் அவ்ளோ கூர்மையா தெரியும். 12 மிருகத் தலை வெச்ச ஃபவுண்டன் ஒண்ணு இருந்துச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு மிருகம் தண்ணி துப்பும், உச்சி வேளைல மொத்தமும் சேர்ந்து துப்பும், அதுல குதிரைத் தலை மட்டும் 2020ல அந்தப் பார்க்குக்கே திரும்பி வந்துச்சு!