சோடா கவுன்டருக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர்

கேள்வி: அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஹியூபர்ட் ஹம்ப்ரி முறையாகப் படித்த பார்மசிஸ்ட் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். "அவரைவிட அவர் அப்பாவைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். யார் அந்த அப்பா? (வாசகி ஒருவர், தாராபுரம்)

பதில்: சந்தோஷமாகச் சொல்கிறேன் அம்மா. நானும் சின்ன ஊரில் மெடிக்கல் ஷாப் வைத்துப் பிழைத்தவன். அதனால் இந்த மனிதர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், ஹியூபர்ட் ஹொரேஷியோ ஹம்ப்ரி. நாம் பெரியவர், சின்னவர் என்றே வைத்துக்கொள்வோம். பெரியவர் 1882-இல் பிறந்தவர். தெற்கு டகோட்டா மாநிலத்தில் வாலஸ் என்ற குட்டி ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே குடியிருப்பு. 1911 மே 27 அன்று சின்னவர் பிறந்தது அங்கேதான். அப்புறம் குடும்பம் டோலண்ட் என்ற இன்னொரு சிற்றூருக்குப் போனது. மனைவி கிறிஸ்டின் நார்வேயிலிருந்து வந்தவர். பிள்ளைகள் நான்கு பேர்.

அந்தக் காலத்து அமெரிக்க மருந்துக்கடையில் நம் ஊர்போல சீட்டை நீட்டி, மருந்தை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிட மாட்டார்கள். ஒரு பக்கம் மருந்து அலமாரி, இன்னொரு பக்கம் சோடாவும் ஐஸ்கிரீமும். உட்கார்ந்து பேச இடம் உண்டு. பெரியவர் கடையில் ஊர் விவகாரம், மதம், அரசியல் எல்லாம் அலசப்படும். சின்னவருக்கு உயரம் பற்றாது. சோடா கவுன்டருக்குப் பின்னால் ஒரு மரப்பலகைமேல் நின்றுதான் வேலை பார்ப்பார். பிற்காலத்தில் செனட்டில் எவ்வளவோ பெரிய விவாதங்களைக் கேட்டவர் அவர். ஆனாலும் அந்தப் பலகையில் நின்று கேட்ட பேச்சைவிட நல்ல விவாதத்தை அபூர்வமாகத்தான் கேட்டேன் என்று அப்பாவைப் பற்றிய கட்டுரையில் எழுதினார்.

வீட்டுக்கு வந்தாலும் ஓயமாட்டார் மனிதர். ஜனநாயகக் கட்சித் தலைவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனின் 1896-ஆம் வருஷப் பேச்சை, அதிபராக இருந்த உட்ரோ வில்சனின் எழுத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார். டோலண்டில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சி; இவர் ஜனநாயகக் கட்சி. ஊருக்குச் சொந்தமான மின் நிலையத்தைத் தனியார் கம்பெனிக்கு விற்கலாம் என்று பேச்சு வந்தபோது, ஊர் மன்றத்தில் உட்கார்ந்து எதிர்த்தார். மகனையும் கூட்டத்துக்குக் கூட்டிப்போவார். அந்த விவகாரத்தில் தோற்றார். எதிர்த்து வாதாடியவர்களோடு சிநேகம் மட்டும் கெடவில்லை. ஒரே தெருவில் காலம் முழுக்கக் கடை நடத்த வேண்டியவனுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: அந்தப் பெரியவர் தாராள மனசு உள்ளவரா? தாராளமாக இருந்தால் கடை நிலைக்குமா? (வாசகர் ஒருவர், கோவில்பட்டி)

பதில்: மகன் சொன்ன ஒரு சம்பவம் போதும். நல்ல குளிர்காலம். ஏழை வீட்டுப் பையன் ஒருவனைச் சின்னவர் கடைக்குக் கூட்டிவருகிறார். காலில் ஷூ இல்லை, குளிரில் கால் நீலம் பாரித்திருக்கிறது. பெரியவர் கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்தார், பையனைக் கூட்டிப்போய் ஷூ வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான். 'உங்கப்பா என்ன பண்றார்' என்ற விசாரணை இல்லை. கல்லாவிலிருந்து பணத்தை எடுப்பது எவ்வளவு யோசிக்க வைக்கும் காரியம் என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். மாதக் கடைசியில் மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பணம் அது.

பெரியவர் வசதி படைத்தவர் இல்லை. 1920-களின் கடைசியில் டோலண்டின் வங்கிகள் மூடப்பட்டன. விவசாயிகளிடம் காசில்லை என்றால் மருந்துக்கடையில் மட்டும் காசு எங்கிருந்து வரும்? கடையைக் காப்பாற்ற வீட்டை விற்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன், அம்மா அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்ன அப்பாவும் அழுதார். அழுத மனிதர் மறுநாள் கடையைத் திறந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தச் சமயத்திலும் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. கத்தோலிக்கர் ஒருவர் அதிபராகக் கூடாது என்று பலர் பேசிய 1928 தேர்தலில், இவர் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான கத்தோலிக்கர் ஆல் ஸ்மித்தைத்தான் ஆதரித்தார். இவரோ மெதடிஸ்ட் சபையில் ஞாயிறு வகுப்பு நடத்தியவர்!

1931-இல் ஹியூரன் என்ற கொஞ்சம் பெரிய ஊருக்குக் கடையை மாற்றினார். நாடு முழுக்கப் பெரும் பொருளாதார மந்தம், மழை இல்லை, புழுதிப் புயல். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சின்னவர் படிப்பை விட்டுவிட்டு உதவிக்கு வந்தார். டென்வரில் ஒரு மருந்தியல் கல்லூரியில் சேர்ந்து, இரண்டு வருஷப் பாடத்தை ஆறே மாதத்தில் முடித்துவிட்டு கவுன்டரில் நின்றார்.

பெரியவரின் சாமர்த்தியத்தை இங்கேதான் பார்க்க வேண்டும். மனுஷருக்கு மருந்து வாங்கக் காசில்லாத விவசாயிக்கும் பன்றி பிழைத்தாக வேண்டும். கடை வாசலில் மரத்தில் செய்த பன்றி ஒன்றை நிறுத்தினார். பன்றிக்கான தாது உப்புக் கலவையைச் சொந்தமாகத் தயாரித்தார். மனிதருக்கு நெஞ்சில் தேய்க்கும் எண்ணெயும் போட்டார். கீழறையில் மகன் கலக்குவார். அப்பா ஊர் ஊராகப் போய் விற்பார். விவசாயிகளின் மருந்துக்கடை என்றே அதற்குப் பெயர் ஆகிவிட்டது. ஆகவே, கோவில்பட்டிக்காரரே, கடை நிலைத்தது.

கேள்வி: கடையிலேயே இருந்திருக்க வேண்டிய மகன் அரசியலுக்கு எப்படிப் போனார்? அப்பா தடுக்கவில்லையா? (வாசகி ஒருவர், தாராபுரம்)

பதில்: கடைக்கு ஆள் தேவை. அதுவும் லைசென்ஸ் வைத்திருக்கும் சொந்த மகன். எந்த அப்பாவுக்கும் விட மனசு வராது. புழுதியும் மன உளைச்சலும் சேர்ந்து சின்னவருக்கு வயிற்று வலியாக வந்துகொண்டிருந்தது. 1937-இல் விட்ட படிப்பைத் தொடரக் கிளம்பினார். பெரியவர் தடுக்கவில்லை. ஷூ வாங்கிக் கொடுத்ததைவிட இதைத்தான் பெரிய கொடை என்று நான் சொல்வேன். இன்னொரு மகன் ரால்ப் கடையைப் பார்த்துக்கொண்டார்.

1948 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. படித்து முடித்து அரசியலில் இறங்கியிருந்த சின்னவர், கறுப்பின மக்களின் உரிமைக்காக மேடையில் பேசினார். அந்த உரிமைகளை ஆதரிக்கும் தீர்மானம் 651½ வாக்குக்கு 582½ என்று ஜெயித்தது. தெற்கத்திப் பிரதிநிதிகளில் ஒரு பகுதியினர் வெளிநடப்புச் செய்தார்கள். அதே மாநாட்டில் தெற்கு டகோட்டாவின் பிரதிநிதியாகப் பெரியவரும் இருந்தார். அந்த நவம்பரில் மகன் செனட்டரானதையும் பார்த்தார். 1949-இல் இறந்தார்.

1951-இல் சின்னவர் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். கூட நின்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கார்ல் டர்ஹாமும் பார்மசிஸ்ட்தான். எந்த மருந்துக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்பதை அதுவரை பெரும்பாலும் கம்பெனிகளே முடிவு செய்துவந்தன. அதற்கு ஒரு தெளிவான கோடு போட்டது இந்தத் திருத்தம்தான். டாக்டர் போனில் சொன்னாலும் மருந்து கொடுக்கலாம், அதே சீட்டுக்கு மறுபடி எப்போது கொடுக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் ஓடிவந்த ஆளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்துப் பழகியவர்களுக்குத்தான் இதெல்லாம் எழுதத் தோன்றும்.