மரத்தின் உச்சியில் இருப்பவர்

அன்புள்ள ஐயா,

பழைய அச்சுப்படங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜெர்மானியப் பேரரசர் மாக்சிமிலியனின் ‘வெற்றி வளைவு’ படத்தைப் பார்த்தேன். நடுவில் அவருடைய வம்சாவளி மரம். எங்கள் வீட்டுக் கொடிவழிப் பட்டியலில் பாட்டனார் மேலே, பேரன் கீழே. இதில் தலைகீழாக இருக்கிறதே, ஏன்? வேரில், கிரேக்கப் பழங்கதையில் வரும் டிராய் நகரமாம். அதை யார் நம்பினார்கள்?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

இங்கிலாந்து அரசர்களின் 13ஆம் நூற்றாண்டுத் தோல்சுருள்களிலும் உங்கள் வீட்டு வழக்கம்தான். வேரைக் கீழே வைத்தது தேவாலயம். தாவீது அரசரின் தந்தை ஈசாய். அவர் என்னும் அடிமரத்திலிருந்து துளிர் தோன்றும் என்ற, பைபிளில் வரும் ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கை அப்படியே வரைந்தார்கள். படுத்திருக்கும் ஈசாயின் உடலிலிருந்து மரம் எழும். கிளைகளில் அரசர்கள், மேலே மரியாள், உச்சியில் கிறிஸ்து. பாரிசை அடுத்த சான் தெனி தேவாலயத்தில் 1144 வாக்கில் அமைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் இதற்குப் பேர்போனது. தலைமுறை தலைமுறையாக மக்கள் அண்ணாந்து பார்த்து வணங்கிய வடிவம் அது.

மாக்சிமிலியனின் மரத்தில் அந்த உச்சியில் மாக்சிமிலியனே அமர்ந்திருக்கிறார். இந்தப் படத்தில் எனக்கு உறுத்துவது டிராய் அல்ல, அந்த இடம்தான்.

டிராயை அன்று விசித்திரமாக யாரும் பார்க்கவில்லை. பிராங்குகள் என்ற பழைய ஜெர்மானிய இனத்தார் டிராயிலிருந்து வந்தவர்கள் என்ற கதை 7ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. பிரெஞ்சு அரசர்களும் அதைச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு படி கீழே நிற்க மாக்சிமிலியனின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு மனமில்லை. யாக்கோப் மென்னெல் என்ற அறிஞர் மடாலயம் மடாலயமாக ஏடுகளைத் தேடி அலைந்தார். பைபிளில் பெருவெள்ளத்தில் தப்பிய நோவா வரை வம்சத்தைக் கொண்டுபோகலாமா என்று வியன்னா இறையியல் அறிஞர்களிடமும் பேரரசர் கருத்துக் கேட்டார்.

இவ்வளவு பாடு எதற்கு? பேரரசர் பதவி பரம்பரைச் சொத்தல்ல. 7 பேர் கூடித் தேர்ந்தெடுக்கும் பதவி. தேர்தலில் ஜெயிக்க வேண்டியவர், பிறப்பிலேயே அது தன் குடும்பத்துக்கு உரியது என்று காட்ட விரும்பினார். அதனால்தான் கல்லில் கட்டாமல் தாளில் கட்டினார். இந்த வளைவு டியூரர் முதலான ஓவியர்கள் வரைந்து, 190க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளில் செதுக்கி அச்சிட்டது. தாள்களை ஒட்டினால் சுமார் மூன்றரை மீட்டர் உயரம். சுருட்டி எந்த ஊருக்கும் அனுப்பலாம்.

1519 ஜனவரியில் அவர் இறந்தார். பேரன் சார்லஸும் பிரான்சின் முதலாம் பிரான்சிஸும் போட்டியிட்டார்கள். இருவருக்குமே டிராய் வேர் இருந்தது. ஜூனில் சார்லஸ் ஜெயித்தார். அதற்குச் செலவான பணம் சுமார் 8,50,000 கில்டர் என்ற அக்காலப் பொற்காசு. பெரும்பகுதி ஃபூக்கர் என்ற வணிகக் குடும்பம் கொடுத்த கடன்.