பூங்காவுக்கு ஒருவர் பெயரைச் சூட்ட என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் நகராட்சியில் இருமுறை நகர்மன்ற உறுப்பினராக இருந்த அம்மையார் ஒருவர், குப்பை மேடாகக் கிடந்த மனைப்பிரிவுப் பொது இடத்தைப் பூங்காவாக்கினார், ஆண்டுதோறும் வெள்ளம் புகுந்த எங்கள் தெருக்களுக்கு மழைநீர் வடிகாலையும் கொண்டுவந்தார். சென்ற ஆண்டு அவர் காலமானார். பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டி, நுழைவாயிலை ஒட்டிய சாலைச் சந்திப்பில் மார்பளவுச் சிலை வைக்க எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் நிதி திரட்டியுள்ளது. யாரிடம், எவ்வாறு அனுமதி பெறுவது?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு கோரிக்கைகள் உள்ளன. பெயர் சூட்டுவது முறையாக முயன்றால் நடக்கக்கூடியது. சிலையை, குறிப்பாகச் சாலைச் சந்திப்பில் வைக்கும் எண்ணத்தை, இப்போதே கைவிட்டுவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. பொதுச்சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்கள் ஆகியவற்றில் சிலை நிறுவ எந்த மாநில அரசும் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டது. பொது இடங்களிலுள்ள சிலைகளை அகற்றி, அவற்றுக்கெனத் தனியாகத் தலைவர்கள் பூங்கா அமைக்குமாறு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியது. சென்னைக் காமராசர் சாலையில் 2006-இல் நிறுவப்பட்ட நடிகர் சிவாஜி கணேசனின் சிலையே போக்குவரத்துக்கு இடையூறு என்று 2017-இல் அகற்றப்பட்டு, அடையாற்றிலுள்ள அவரது மணிமண்டபத்துக்கு மாற்றப்பட்டது. அவருக்கே அந்த நிலை என்றால், உங்கள் சங்கத்தின் விண்ணப்பம் எந்த மேசையில் தேங்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

சிலையைப் பூங்காவுக்குள் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதற்கு முன் பூங்காவின் ஆவணத்தைப் பாருங்கள். தற்போதைய விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் பூங்கா என்று காட்டிவிட்டு, பத்திரத்தைப் பதிவு செய்யாமலே விட்டுவிடும் மனை விற்பனையாளர்கள் உண்டு. உங்கள் இடம் நகராட்சியின் பெயரில் பதிவாகவில்லையென்றால், அதற்குப் பெயர் சூட்டும் அதிகாரம் நகர்மன்றத்துக்கு உண்டா என்ற கேள்வியே முதலில் எழும். பதிவாகியிருந்தாலும் அது திறந்தவெளியாகவே இருக்க வேண்டும். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்க 1959-ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் உள்ளது. மேடை, மண்டபம், சுற்றுக்கம்பி என்று சிலையைச் சுற்றி வளரும் கட்டுமானங்களெல்லாம் அவர் மீட்டுக் கொடுத்த நிலத்தையே தின்னும்.

இனிப் பெயருக்கு வருவோம். சங்கத்தின் பொதுக்குழுவில் தீர்மானம் இயற்றி, அம்மையாரின் குடும்பத்தாரிடம் எழுத்துமூலம் இசைவு பெறுங்கள். அடுத்து அதை, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் முன்வையுங்கள். 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் தொடங்கிய இந்தச் சபைகளைப் பலர் குழாய், தெருவிளக்குப் புகார்களுக்கு மட்டுமே பயன்படுத்துகின்றனர். இத்தகைய கோரிக்கைக்கும் அதுவே தகுந்த இடம். அங்கு பதிவான கோரிக்கையுடன் நகராட்சி ஆணையரிடமும் நகர்மன்றத் தலைவரிடமும் மனு கொடுங்கள். நகர்மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் அதைச் சேர்க்கச் செய்வது உங்கள் வார்டு உறுப்பினரின் வேலை. மன்றம் தீர்மானம் நிறைவேற்றியதும் கோப்பு அரசின் ஒப்புதலுக்குச் செல்லும். அது வரும்வரை பெயர்ப்பலகையை வைத்துவிடாதீர்கள்.

மனுவோடு சான்றுகளையும் இணையுங்கள். நல்லவர், எளியவர் என்ற புகழுரை மன்றத்தில் எடுபடாது. அதிலும் அவர் ஒரு கட்சியைச் சேர்ந்தவர் என்றால் எதிரணியினர் முணுமுணுக்கவே செய்வர். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, பூங்காவுக்கும் வடிகாலுக்குமான பழைய மன்றத் தீர்மானங்களின் நகல்களைப் பெறுங்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர்தான் என்று நகராட்சியின் பதிவேடே சொல்லும்போது விவாதம் பாதியாகக் குறைந்துவிடும்.

பெயரைத் தேர்வதிலும் கவனம் தேவை. தெருக்கள், குடியிருப்புகள் முதலியவற்றின் பெயர்களிலிருந்து சாதியை நீக்க 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அரசாணை வெளியிட்டது. அதே மாதத்தில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டபோது எழுந்த விவாதத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எனவே சாதிப் பின்னொட்டு வேண்டாம். நீளமான பட்டங்களும் முதலெழுத்துகளும் வேண்டாம். சிறுவாணி நீரைக் கோவைக்குக் கொண்டுவரப் பாடுபட்ட நகராட்சித் தலைவர் சி.எஸ். இரத்தினசபாபதியின் பெயரில் அமைந்த இரத்தினசபாபதிபுரம் இன்று ஆர்.எஸ். புரம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் அந்த இரண்டு எழுத்துகளை விரித்துச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? தியாகராய நகர் தி. நகரான கதையும் இதுவே. அம்மையாரின் இயற்பெயரும் ‘பூங்கா’ என்ற சொல்லும் போதும்.

பெயரால் மட்டும் நினைவு நிலைக்காது என்பதற்கு மதுரையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, புதிய வீதிகளை அமைத்து நகரை விரித்தார். அவருக்கு நன்றியாக எழுந்ததுதான் விளக்குத்தூண். இன்று அது பேருந்து நிறுத்தமாகவும் காவல் நிலையமாகவும் எல்லார் வாயிலும் வழங்குகிறது. ஆனால் யாருக்காக ஏற்றிய விளக்கு என்று கேட்டால் பதில் வராது. அப்போது உருவான வீதிகளில் ஒன்று பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டரின் பெயர் விளக்குக்குள் மறைந்துவிட, மேஸ்திரியின் பெயர் இன்றும் முகவரிகளில் எழுதப்படுகிறது. அவர் என்ன செய்தார் என்பதோ வீதியில் நடப்பவர்களுக்குத் தெரியாது. ஓரிடத்தில் பொருள் நின்று பெயர் மறைந்தது; இன்னோரிடத்தில் பெயர் நின்று செயல் மறைந்தது.

ஆகவே, சிலைக்குப் பதிலாக நுழைவாயிலின் உட்புறம் ஒரு கருங்கல் பலகை வைக்க அனுமதி கேளுங்கள். இந்த நிலம் முன்பு எப்படி இருந்தது, எந்த ஆண்டில் என்ன நடந்தது, வடிகால் எங்கிருந்து எங்குவரை செல்கிறது என்பதை ஆறேழு வரிகளில் தெளிவான தமிழில் செதுக்குங்கள். அக்காலத்தில் உடன் உழைத்த பொறியாளர், மேற்பார்வையாளர், தூய்மைப் பணியாளர்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும். நம்மூர்த் திறப்புவிழாக் கல்வெட்டுகளில் திறந்து வைத்தவரும் முன்னிலை வகித்தவர்களும் பெரிய எழுத்திலும், போற்றப்படுபவர் பெயர் சிறிய எழுத்திலும் இருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். விருந்தினர் பெயர்களைப் பொறித்தே தீர வேண்டுமென்றால் வேறு ஒரு சிறிய பலகையில் பொறியுங்கள்.

சிலைக்கென்று திரட்டிய பணத்தைப் பூங்காவுக்கே செலவிடலாம். ஆனால் அதற்குமுன் பணம் கொடுத்தவர்களின் ஒப்புதலைப் பொதுக்குழுவில் பெற்றுக்கொள்ளுங்கள். ‘நமக்கு நாமே’ திட்டத்தின்கீழ் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் செலுத்தினால் எஞ்சியதை அரசு தரும். உங்களிடம் 3 லட்சம் ரூபாய் இருந்தால் 9 லட்சம் ரூபாய் மதிப்பிலான பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்று பொருள். நடைபாதை, நிழல் மரங்கள், குழந்தைகளுக்கான விளையாட்டுக் கருவிகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்கள் தயக்கமின்றிப் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை ஆகியவற்றை அப்பட்டியலில் சேர்க்கலாம். பராமரிப்பை யார் ஏற்பது என்பதையும் அதே கடிதப் போக்குவரத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

விழா நாளைக் குறிக்கும்முன் தேர்தல் அறிவிப்பு விரைவில் வரக்கூடுமா என்று விசாரியுங்கள். நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டால் பெயர் சூட்டலும் திறப்பும் தேர்தல் முடியும்வரை நின்றுபோகும். கல்லைச் செதுக்கக் கொடுப்பதற்கு முன் வாசகத்தை அம்மையாரின் குடும்பத்தாரிடமும், வடிகால் வருவதற்கு முந்தைய வெள்ளத்தை நினைவில் வைத்திருக்கும் வார்டின் மூத்தவர்கள் இருவரிடமும் படித்துக் காட்டி, ஆண்டுகளும் பெயர்களும் சரிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.