படிக்கப் போனால் அஸ்வெசும நின்றுவிடுமா?

கேள்வி: விசுவமடுவில் இருக்கிறேன். வயது 31. 2009 இடப்பெயர்வால் ஓ.எல் பிந்தித்தான் எடுத்தேன், கணக்கில் தவறிவிட்டேன். ஒரு வருடம் கட்டுநாயக்காவில் தைத்தேன். பிறகு 6 வருடம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. எட்டு மாதமாக வேலை இல்லை. கணினி படித்து என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) 4 எடுக்க விருப்பம். அம்மாவோடும் மகனோடும் இருக்கிறேன், வீட்டுக்கு அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வருகிறது. படிக்கப் பதிந்தால் அதை வெட்டிவிடுவார்களா? வேலையில்லாதவர்களுக்குப் படிக்க அரசாங்கம் 'ஸ்கொலசிப்' தருகிறது, 25,000 ரூபாய் தந்தால் எடுத்துத் தரலாம் என்று புதுக்குடியிருப்பில் ஒரு அண்ணா சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், தங்கச்சி. அந்த 25,000ஐக் கொடுக்க வேண்டாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இது ஆறுகூட இல்லை.

அவர் சொல்லும் 'ஸ்கொலசிப்' எது என்று கேளுங்கள். பெயர் சொல்ல மாட்டார். சொன்னால் மகாபொல என்பார். மகாபொல அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்கானது. வட்டியில்லா மாணவர் கடன் என்றும் சொல்லக்கூடும். அது ஏ.எல் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு, அதுவும் கடன். வேலை இழந்தவர் திரும்பப் படிக்கப் போனால் மாதாமாதம் இவ்வளவு என்று தரும் பொதுத் திட்டம் இலங்கையில் இல்லை. வேலையிழப்புக் காப்புறுதியும் இல்லை. இல்லாத ஒன்றை எடுத்துத் தர எவராலும் முடியாது. இருக்கிறவற்றுக்கோ தரகர் தேவையில்லை, எல்லாவற்றுக்கும் படிவம் இலவசம்.

இனி அஸ்வெசும. நீங்கள் வகுப்பில் பதிவதற்காக அதை வெட்ட மாட்டார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய இந்தக் கொடுப்பனவு ஆளுக்கல்ல, குடும்பத்துக்கு. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கத்தால் 22 சுட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். வளர்ந்த ஒருவர் பயிற்சி நிலையத்தில் பதிந்திருப்பது கொடுப்பனவை நிறுத்தும் காரணமாக அதில் இல்லை. மாதம் வறியவர் பிரிவுக்கு 10,000, மிக வறியவர் பிரிவுக்கு 17,500 என்று 2025 ஜனவரியில் கூட்டினார்கள். நீங்கள் எந்தப் பிரிவில் இருந்தாலும் வகுப்புக்குப் போகலாம்.

வெட்டுப்படுவது வேறு காரணத்தால். தகவல் புதுப்பிக்கச் சொல்லும் நேரம் புதுப்பிக்காமல் விடுவது, வங்கிக் கணக்கில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருப்பது, இப்படியானவற்றால். புதுப்பிக்கும்போது பயிற்சிக்குப் போவதையும் அங்கே பயிற்சிக்காலப் படிக்காசு ஏதும் கிடைத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே குடும்பத்தின் அதே கதையை விதானையார், பிரதேச செயலகம், கணக்கெடுக்க வருபவர் என்று மூன்று பேரிடம் மூன்று தரம் சொல்லத்தான் வேண்டும். 'ஒரு தரம் சொன்னதைப் பதிந்து வைக்க மாட்டீர்களா?' என்று நானும் எத்தனையோ கூட்டத்தில் கேட்டுவிட்டேன். தேநீர் தந்து அனுப்பினார்கள்.

சரி, அப்படியென்றால் படிக்கும் காலத்துக்குக் காசு எங்கே? உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: 6 வருடம் ஒரே தொழிற்சாலை. உங்கள் கல்வி உதவித்தொகை அந்த வரிக்குள் இருக்கிறது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் என்று ஒன்று உண்டு. எங்கள் ஆட்கள் கிராச்சுவிட்டி என்பார்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவர் விலகும்போது, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். தானாக விலகினாரா, நிற்பாட்டினார்களா என்பது இங்கே பிரச்சினையில்லை. விலகி 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டிய காசு இது. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. சம்பளம் எவ்வளவென்று எழுதவில்லை, ஆகவே கடைசிச் சம்பளம் 30,000 என்று வைத்துக்கொள்கிறேன். அரை மாதம் 15,000. ஆறு வருடத்துக்கு 90,000.

அடுத்தது ஈ.ரி.எப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதி. ஈ.பி.எப் எனும் ஊழியர் சேமலாப நிதியையும் இதையும் பலர் போட்டுக் குழப்புகிறார்கள். ஈ.பி.எப்புக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, முதலாளி 12 வீதம் சேர்ப்பார். அது பெண்களுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்களுக்கு ஒரு சலுகை உண்டு, அது உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே அதை மறந்துவிடுங்கள். படிக்கவென்று எடுத்துத் தருகிறேன் என்று எவராவது வந்தால் அவரையும் மறந்துவிடுங்கள். ஈ.ரி.எப் வேறு. உங்கள் சம்பளத்தில் ஒரு சதம் வெட்டாமல் முதலாளி தன் கையால் 3 வீதம் போடுவது. வேலையை விட்டால் வயது பார்க்காமல் எடுக்கலாம். அதே 30,000 கணக்கில் மாதம் 900. 72 மாதத்துக்கு 64,800. ஆரம்பத்தில் சம்பளம் குறைவாக இருந்திருக்கும், ஆகவே கொஞ்சம் இறங்கும், வட்டியால் கொஞ்சம் ஏறும். ஓவர்டைம் காசு இந்தக் கணக்கில் சேராது.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதில் கால் வைத்து விழுந்தவர்கள் பலர், ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன். ஈ.ரி.எப்பை ஒரு தரம் எடுத்தவர் திரும்ப எடுக்க 5 வருடம் பொறுக்க வேண்டும். கட்டுநாயக்காவை விட்டு வரும்போது அந்த ஒரு வருடக் காசை எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் பிரச்சினை இல்லை. அந்தக் காசும் இதோடு சேரும். எடுத்தீர்கள் என்றால் எப்போது எடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. வேலையை விட்ட திகதியை அல்ல, காசு எடுத்த திகதியைப் பாருங்கள். விட்ட கையோடு எடுத்திருந்தால் 5 வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. ஊருக்கு வந்து, தொழிற்சாலையில் சேர்ந்து, இரண்டு மூன்று வருடம் கழித்து யாரோ சொல்லி எடுத்தீர்கள் என்றால் அந்த நாளில் இருந்து எண்ணுங்கள். இன்னும் சில மாதம் இருந்தால் பொறுத்திருந்து விண்ணப்பியுங்கள். முந்திக் கொடுத்தால் படிவம் திரும்பி வரும், திரும்பி வந்த படிவத்தைத் திரும்ப அனுப்ப எங்கள் சனத்துக்கு மனம் வராது. அப்படியே கிடந்துபோகும். கட்டுநாயக்கா அங்கத்தவர் இலக்கமும் கிளிநொச்சி இலக்கமும் வேறு வேறாக இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். ஒரு இலக்கத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றக் காசு எங்கே என்று பிறகு தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவது போல.

படிவத்தில் பழைய முதலாளி கையெழுத்து வைக்க வேண்டிய இடம் இருக்கும். வைக்க மறுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம், தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். பணிக்கொடை முறைப்பாட்டையும் அங்கேதான் கொடுக்க வேண்டும். போகும்போது நியமனக் கடிதம், பி கார்ட் எனும் ஈ.பி.எப் அங்கத்தவர் அட்டை, சம்பளச் சிட்டைகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். சில தொழிற்சாலைகளில் சம்பளச் சிட்டையை பஸ் ரிக்கற் மாதிரி மெல்லிய தாளில் அடித்துத் தருவார்கள். ஒருதரம் ஒரு பிள்ளை பிஸ்கற் ரின்னுக்குள் ஐந்து வருடச் சிட்டையை ரப்பர் பான்ட் போட்டு அடுக்கிக் கொண்டுவந்தாள். பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி வெறும் மஞ்சள் தாள், எழுத்து முழுக்கப் பறந்துவிட்டது. கடைசி இரண்டு வருடம் மட்டும் தெரிந்தது, அதை வைத்துத்தான் இழுத்தோம். உங்களிடம் இருப்பதை இன்றைக்கே போனில் படம் பிடித்து வையுங்கள்.

படிப்புக்கு வருவோம். வி.ரி.ஏ எனப்படும் தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைற்றா எனப்படும் தொழிற்பயிலுநர் பயிற்சி அதிகாரசபை, தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களம், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் என்று அரசாங்கக் கதவுகள் பல. ஒரே வேலைக்கு இத்தனை நிறுவனம், ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனி நேர்முகம், தனி விதமான படிக்காசு. இதை ஒரு மேசைக்குக் கொண்டுவர இத்தனை வருடமாகியும் எவருக்கும் கை வரவில்லை. அது போகட்டும். முழுநேரக் கற்கைகளில் பல இலவசம் அல்லது சிறு கட்டணம்தான். படிக்காசு வகுப்பு வரவைப் பார்த்துத் தருவது, வங்கிக் கணக்குக்கு வரும், பிந்தியும் வரும். முதல் மூன்று மாதத்துக்கு அது வராது என்றே வீட்டுக் கணக்கைப் போடுங்கள். அந்த இடைவெளிக்குத்தான் மேலே சொன்ன பணிக்கொடையும் ஈ.ரி.எப்பும்.

முல்லைத்தீவு மாவட்டம் என்பதால் முல்லைத்தீவு நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. விசுவமடுவில் இருந்து பரந்தன் வீதியால் கிளிநொச்சி கிட்ட. இ.போ.ச. பஸ்ஸில் மாணவர் பருவகாலச் சீட்டு பயிற்சி மாணவருக்கும் உண்டு, பயிற்சி நிலையத்தில் கடிதம் எடுத்துக் கொடுத்தால் சரி. ஓ.எல் கணக்கில் தவறியது என்.வி.கியூ நிலை 3, 4 கற்கைகள் பலவற்றுக்குத் தடையில்லை. எந்தக் கற்கைக்கு என்ன தகுதி என்பதை விண்ணப்ப அறிவித்தலில் அந்தக் கற்கையின் நேரே வாசியுங்கள், பக்கத்து வீட்டாரிடம் கேட்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் கேட்கலாம். பெறுபேற்றுச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழியாக எடுக்கலாம்.

தனியார் இடத்தில் சேருகிறீர்கள் என்றால் இதை வாசித்துவிட்டுச் சேருங்கள். மல்லாவிப் பக்கத்துப் பெடியன் ஒருவன் என்னிடம் ஒரு சான்றிதழ் கொண்டுவந்தான். தடித்த தாள், லமினேற் பண்ணியது, மூலையில் பொன் நிற முத்திரை, நடுவில் 'தேசிய' என்ற சொல் பெரிய எழுத்தில். 60,000 கட்டியிருக்கிறான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சான்றிதழ் இலக்கம் எங்கேயும் இல்லை. அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டதுதான், பொய்யில்லை. ஆனால் அந்தக் கற்கைக்கு அங்கீகாரம் இல்லை. நிறுவனத்தின் பதிவு ஒன்று, கற்கையின் அங்கீகாரம் வேறொன்று. இரண்டையும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுதான் கொடுக்கிறது. அங்கீகாரம் உள்ள கற்கைக்கு மட்டும்தான் என்.வி.கியூ கிடைக்கும். விளம்பரத்தில் 'அரச பதிவு பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், அது முதலாவதை மட்டும் சொல்கிறது. 'இந்தக் கற்கை எந்த மட்டத்துக்கு அங்கீகரிக்கப்பட்டது, கடிதத்தைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். முகம் மாறினால் பஸ் ஏறுங்கள்.

நுண்கடன் எடுத்துக் கட்டணம் கட்டும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள். கிழமைக்குக் கிழமை கட்டும் கடனுக்கும் மாதக் கணக்கில் பிந்தி வரும் படிக்காசுக்கும் ஒத்துவராது. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. கணினி படிக்கப் போவதற்கு முன், ஏழு வருடம் தைத்த கைக்கு ஒரு என்.வி.கியூ எடுத்து வையுங்கள். வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையைச் செய்து காட்டிச் சான்றிதழ் எடுக்கும் வழி இருக்கிறது, முன்கற்றலை அங்கீகரித்தல் என்று சொல்வார்கள். நைற்றாவின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கைத்தொழில் தையல் இயந்திர இயக்குநர் என்று ஒரு தொழிலே அந்தப் பட்டியலில் உண்டு. மதிப்பிடுபவர் முன்னால் மெஷினில் இருந்து தைத்துக் காட்ட வேண்டும், சில கேள்வி கேட்பார்கள். அதற்கு இந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தேன் என்ற கடிதம் வேண்டும். பணிக்கொடை கேட்டு முறைப்பாடு போட்ட பிறகு அந்தக் கடிதத்தைச் சிரித்த முகத்தோடு தர மாட்டார்கள். ஆகவே முதலில் சேவைச் சான்றுக் கடிதத்தை வாங்குங்கள், அடுத்த நாள் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.