மாலில் காதில் விழுந்தது

அன்புள்ள சார்,

சொந்த ஊர் குடியாத்தம், வேலை வேலூரில். நண்பர்களோடு மாலுக்குப் போனால் எஸ்கலேட்டரிலேயே கை வியர்க்கிறது, எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல இருக்கிறது. பக்கத்து மேஜைப் பேச்செல்லாம் வேறு காதில் விழுகிறது. போன வாரம் ஒரு ஜோடி வளைகாப்புச் செலவுக்காகச் சண்டை போட்டதை அப்படியே ஸ்டேட்டஸில் போட்டேன், நிறைய பேர் சிரித்தார்கள். ஒட்டுக்கேட்பது தப்பா? இது ஏதாவது நோயா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

நோயா என்று டாக்டரைக் கேளுங்கள், வேலூரில் டாக்டருக்கா பஞ்சம். எஸ்கலேட்டர் பயமென்றால் படியில் ஏறுங்கள். உங்களை யாரும் பார்க்கவில்லை, அவரவருக்கு அவரவர் பில் கவலை.

மாலைத் திட்டவும் மனமில்லை. 1956-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் முழுக்க மூடிய, ஏசி போட்ட முதல் மாலைக் கட்டிக்கொடுத்த விக்டர் க்ரூன் வியன்னாக்காரர். தன் ஊர்க் கடைவீதி மாதிரி ஜனங்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. வந்து சேர்ந்தது வேறு. கடைசியில் அவரே கைகழுவிவிட்டார்.

அப்பா வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருந்தபோது காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினோம். வராந்தா முழுக்க வங்காளத்துக் குடும்பங்கள், ஸ்டவ்வில் மீன் குழம்பு, ராத்திரியானால் ஆளாளுக்கு ஊருக்குப் போன். பாஷை புரியாவிட்டாலும் ரிப்போர்ட், ஆபரேஷன் எல்லாருக்கும் புரிந்தது. ஒருநாள் அம்மா மாமாவிடம் போனில் பணம் கேட்டு, கிடைக்காமல், கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்து அழுதாள். மறுநாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் எங்கள் ப்ளாஸ்கில் டீ நிரம்பியிருந்தது. எதிர் அறைப் பெண்தான். என்ன ஏது என்று விசாரிக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

அவளும் ஒட்டுக்கேட்டவள்தான். காதில் விழுவதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆனால் ஸ்டேட்டஸ் போட்டீர்களே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் காசுக்காக வெளியிடத்தில் குரல் உயர்த்துகிறாள் என்றால் வீட்டில் எத்தனை நாள் அடக்கிவைத்திருப்பாள்? அது உங்களுக்குக் காமெடியா? பெயர் போடவில்லை என்பீர்கள். வேலூர் என்ன அவ்வளவு பெரிய ஊரா? அவள் நாத்தனாரின் கொழுந்தன் உங்கள் ஆபீசிலேயே இருப்பான். 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும் என்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவன் போனிலிருந்து போகுமா? சிரித்தவர்களில் யார் யார் அதை மேற்கொண்டு அனுப்பினார்கள் என்று இன்றைக்கே ஒவ்வொருவரையும் கேளுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் எனக்கு எழுதுங்கள்.